மெஸ்க்வாக்கி கதைகள்: பழைய காகிதமா, புதிய ஒலிப்பதிவா, மொழிபெயர்ப்பா, பள்ளிக்கூடமா?

சின்ன மொழிகளில் வேலை செய்ய இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பணம் கொஞ்சம், ஆள் அதைவிடக் கொஞ்சம், மொழியைத் தங்குதடையில்லாமல் பேசும் பெரியவர்களோ வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அச்சுக்குக் கொண்டுவருவதா, இருப்பவர்களை உட்கார வைத்துப் பதிவு செய்வதா, கதைகளை ஊர் உலகம் படிக்க மொழிபெயர்ப்பதா, இதையெல்லாம் விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதா? "எல்லாம்தான் செய்யணும்" என்பது சரியான பதில்தான், ஆனால் மானிய விண்ணப்பத்தில் அப்படி எழுத முடியாது. எதை முதலில் என்றுதான் கேட்கிறார்கள்.

பொதுவாகப் பேசினால் பொதுவான பதில்தான் வரும். அதனால் ஒரே மொழியை எடுத்துக்கொள்கிறேன், மெஸ்க்வாக்கி. மேலே சொன்ன நாலு வழியையும் யார் யாரோ இந்த மொழியிலோ இதன் உறவு மொழிகளிலோ நூறு வருடத்துக்கு மேலாக முயன்று பார்த்திருக்கிறார்கள். என்ன கிடைத்தது, என்ன சேதம் ஆனது என்று இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மெஸ்க்வாக்கிகள் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேமா என்ற ஊருக்குப் பக்கத்தில் வாழும் பழங்குடி மக்கள். வெளியார் வைத்த பெயர் ஃபாக்ஸ், அதாவது நரி, பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். அரசு ஒதுக்கிய இடத்தில் அடைபட்டவர்கள் இல்லை இவர்கள். கன்சாஸ் பக்கம் தள்ளப்பட்ட பிறகு திரும்பி வந்து 1857-இல் ஐயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்றைக்கு 8,000 ஏக்கருக்கு மேல். சொந்த நிலம், சொந்த வேலி. அக்கம்பக்கத்துப் பழங்குடிகளைவிட இவர்களிடம் மொழி அதிக நாள் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மொழி அல்கான்கியன் குடும்பத்தைச் சேர்ந்தது. சாக், கிக்கப்பூ இரண்டும் இதற்கு மிக நெருங்கிய கிளைமொழிகள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் புரியும். இரண்டாம் உலகப் போரில் மெஸ்க்வாக்கி இளைஞர்கள் 8 பேர் வட ஆப்பிரிக்காவில் இந்த மொழியிலேயே ரகசியச் செய்தி அனுப்பினார்கள். பள்ளியில் பழங்குடி மொழி பேசினால் பிள்ளைகளைத் தண்டித்த அதே நாடு, போர் என்றதும் அந்த மொழியைத் தேடி வந்தது. அது தனிக் கதை.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் அளவுகோல்கள் ஐந்து. ஆனால் ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவதுதான் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது: சரளமாகப் பேசும் பெரியவரின் நேரம் இந்த வேலைக்கு எவ்வளவு போகிறது? பணம் அடுத்த வருடம் வரலாம், டேமாவில் பழங்குடிக்குச் சொந்தமான சூதாட்ட விடுதியே இருக்கிறது, அந்த வருமானத்திலிருந்து ஒதுக்கலாம். கருவிகள் மலிவாகிக்கொண்டே போகின்றன. எண்பது வயதுக்காரரின் ஒரு மதிய நேரம் மட்டும் திரும்ப வராது.

இரண்டாவது, வேலை முடிந்ததும் கையில் என்ன மிஞ்சும், ஒலி மிஞ்சுமா, இலக்கணம் மிஞ்சுமா, கதை சொல்லும் விதம் மிஞ்சுமா. மூன்றாவது, இதனால் புதிதாக ஒருவராவது பேசத் தொடங்குவாரா. நாலாவது, யாருடைய அனுமதி வேண்டும், யார் "வேண்டாம்" என்று சொல்லலாம். ஐந்தாவது, முப்பது வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளை வந்து திறந்தால் திறக்குமா.

நாலாவதில் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மெஸ்க்வாக்கிகளிடம் கதை என்றால் ஒரே வகை இல்லை. நடந்த செய்தி, பெரியவர்கள் வாழ்ந்த கதை ஒரு வகை. வீசஹ்கேஹா போன்ற ஆதிகால வீரர்கள் வரும் புனிதக் கதைகள் வேறு வகை, அவற்றைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போடும் எந்தத் திட்டமும் ஜூன் மாதத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும். கட்டுரைக்கு ருசி சேர்க்க ஒரு கதையை இங்கே எடுத்துவிடலாம்தான், ஆனால் இணையத்தில் ஏறியது ஆடி மாதத்திலும் படிக்கக் கிடைக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

## வழி 1: பழைய கையெழுத்துப் பிரதிகள்

இதில்தான் மெஸ்க்வாக்கி மற்ற மொழிகளிலிருந்து தனித்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் வந்தவர் வில்லியம் ஜோன்ஸ். 1871-இல் பிறந்தவர், ஃபாக்ஸ் வம்சாவளி, பாட்டியிடம் வளர்ந்தவர், பிறகு ஹார்வர்டிலும் கொலம்பியாவிலும் படித்து மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் 1904-இல் முனைவர் பட்டம் வாங்கினார். கதைகளைக் கேட்டு எழுதி, மொழிபெயர்ப்போடு 1907-இல் தொகுப்பாக வெளியிட்டார். 1909-இல் பிலிப்பைன்ஸில் களப்பணிக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார், அதோடு அந்தக் கை நின்றது.

அடுத்து ட்ரூமன் மிச்சல்சன், அமெரிக்க இனவியல் கழகத்தின் ஆள். 1911-இல் தொடங்கி இவர் செய்த காரியம் வித்தியாசமானது. பெரியவர்களைச் சொல்லச் சொல்லி இவர் எழுதிக்கொள்ளவில்லை, மெஸ்க்வாக்கிகளையே எழுதித் தரச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கினார். அது சாத்தியமானதற்குக் காரணம், அவர்களிடம் ஏற்கெனவே ஓர் எழுத்து முறை இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கையெழுத்திலிருந்து பிறந்து வட அமெரிக்கப் பெரும் ஏரிகள் பகுதிப் பழங்குடிகளிடம் பரவிய அசையெழுத்து அது. வீட்டுக் கடிதம் எழுத அதைத்தான் பயன்படுத்தினார்கள். இப்படிச் சேர்ந்த பக்கங்கள் சுமார் 27,000, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மானுடவியல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதியவர்களில் முதலிடம் ஆல்ஃபிரட் கியானாவுக்கு, 1918-இல் இறந்துபோனார், அதற்குள் எழுதித் தள்ளிய பக்கங்கள் ஆயிரக்கணக்கில்.

சொல்ல எழுதுவதற்கும் தானே எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். எழுதிக்கொள்கிறவர் வேகத்துக்குச் சொல்கிறவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் வாக்கியம் குட்டையாகும், உரையாடல் சுருங்கும், கிளைக்கதை உதிரும். கியானா யாருக்காகவும் நிறுத்தவில்லை. தன் வேகத்தில், தன் அலங்காரத்தோடு எழுதியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் இப்படி அந்த மக்களே தங்கள் கையால் எழுதிய உரைநடை இந்த அளவுக்குக் கிடைப்பது மிக அரிது.

சரி, சிக்கல் எங்கே? அந்த அசையெழுத்து உயிரின் குறில் நெடிலைக் காட்டாது. மெஸ்க்வாக்கியில் நாலு குறில், நாலு நெடில், ஆக எட்டு உயிர், எழுத்தில் நாலு குறிதான். ஹகர ஒலியையும் எழுத மாட்டார்கள், ஆனால் ஹகரம் இருந்தால் ஒரு சொல், இல்லாவிட்டால் வேறொரு சொல் என்று வரும் இடங்கள் ஏராளம். நிறுத்தக்குறி அரிது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது, உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் மொழியறிவை வைத்துத்தான் சொல்லைப் பிரித்தார்கள் இல்லையா, அந்த மாதிரி. பழக்கப்பட்ட மெஸ்க்வாக்கிக்கு அதைப் படிப்பது கஷ்டமில்லை, அவர் காதில் சொல் ஏற்கெனவே ஒலிக்கிறது. காதில் ஒலிக்காதவருக்கு ஒவ்வொரு வரியும் விடுகதை.

இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான். "காகிதம் எங்கேயும் போகாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். காகிதம் போகாதுதான், அதைப் படிக்கும் காது போய்விடும். ஐவ்ஸ் கோடார்ட் போன்ற மொழியியலாளர்கள் பல்லாண்டு உழைப்பில் சிலவற்றைச் சுத்தமான பதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், 2006-இலும் 2007-இலும் இரண்டு முக்கியமான பிரதிகள் அப்படி வெளிவந்தன. ஆனால் அந்த மாதிரி ஆட்கள் ஒரு தலைமுறைக்கு ஒருவரோ இருவரோதான், பக்கங்களோ 27,000.

இன்னொரு செலவு உரிமை. பிரதிகளில் சில, குலங்களுக்குச் சொந்தமான புனித மூட்டைகளையும் (புனிதப் பொருள்களைக் கட்டி வைத்திருப்பவை) அவற்றின் சடங்குகளையும் பற்றியவை. ஆந்தை மூட்டை பற்றிய கியானாவின் பிரதியை மிச்சல்சன் 1921-இலேயே அச்சிட்டுவிட்டார். சட்டப்படி அதற்குக் காப்புரிமை இல்லை, யாரும் எடுத்துப் போடலாம். குலத்தின் பார்வையில் அது யாரும் எடுத்துப் போடக்கூடிய சரக்கா என்பது வேறு கேள்வி, அதற்கு ஆவணக் காப்பகம் பதில் சொல்ல முடியாது.

இந்த வழி யாருக்குச் சரி: எழுதப்பட்ட குவியல் ஏற்கெனவே இருக்கிறது, அதை வாசிக்கக்கூடிய பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள் என்றால். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இது முதலிடத்திலிருந்து இறங்கிவிடும், ஒரு விதிவிலக்கைத் தவிர. அது பின்னால் வருகிறது.

## வழி 2: ஒலியும் ஒளியும்

கண்ணை மூடிக்கொண்டு பலரும் தேர்ந்தெடுப்பது இதுதான். காரணமும் நியாயமானது. எழுத்தில் தொலைந்த நெடில், ஹகரம் எல்லாம் ஒலியில் தானாக வந்துவிடும். மெஸ்க்வாக்கியில் சொல்லின் கடைசி உயிர் கிட்டத்தட்ட வெறும் மூச்சாகக் கரைந்துபோகும், எந்த எழுத்தும் அதைச் சொல்லித் தராது, கேட்டால்தான் உண்டு. எங்கே நிறுத்துகிறார், எந்தப் பாத்திரத்துக்குக் குரலை மாற்றுகிறார் என்பதும் அப்படியே.

மறைமுகச் செலவு பதிவில் இல்லை, பதிவுக்குப் பிறகு வருகிறது. ஒரு மணி நேரக் கதையைக் கேட்டு எழுதி, சொல் பிரித்து, பொருள் போட்டு முடிக்க ஐம்பது மணி நேரம் ஆவது சாதாரணம், புதியவர் கை வைத்தால் நூறும் ஆகும். அந்த ஐம்பதில் கணிசமான பங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து "இது என்ன சொல்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதாவது ஒரு மணி நேரம்தான் கேட்டீர்கள் என்று நினைத்தால் உண்மையில் பத்து இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தக் கணக்கைப் போடாமல் முந்நூறு மணி நேரம் பதிவு செய்து வைத்து, பாதி கோப்பில் பேசுவது யார் என்றுகூடத் தெரியாமல் விட்ட திட்டங்கள் உலகம் முழுக்க உண்டு.

வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் இரட்டைத் தட ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை, அதனால் எம்பி3-இல் சுருக்கிப் பதிவு செய்ய ஒரு காரணமும் கிடையாது. காணொளி பல மடங்கு. மெழுகு உருளையில் பதிந்தது, ரீல் நாடாவில் பதிந்தது, கேசட், குறுந்தகடு என்று ஒவ்வொரு காலத்திலும் "இதுதான் நிரந்தரம்" என்றுதான் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது எல்லாவற்றையும் புது இடத்துக்கு நகர்த்த வேண்டும், அதற்கான சம்பளத்தை எந்த மானியமும் தராது.

யார் முன்னால் சொல்கிறார் என்பதும் பெரிய விஷயம். மொழி தெரியாத ஆய்வாளரும் ஒரு முக்காலியும் எதிரே இருந்தால் கதை சுருக்கமாக, விளக்கம் கூட்டி, சிரிப்புப் பகுதி வெட்டி வரும். அதே பெரியவர் பேரன் முன்னால் சொன்னால் வேறு கதை. பதிவுக்குப் போகும்போது அந்த மொழியில் "ம்" கொட்டத் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிப் போவது நல்ல மைக் வாங்குவதைவிட முக்கியம் என்பேன்.

## வழி 3: மொழிபெயர்ப்பு

இதை முதலில் செய்யத் தூண்டுகிறவை இரண்டு: பதிப்பகமும் பெருமையும். புத்தகம் கையில் வரும், விழா நடக்கும், டேமாவுக்கு வெளியே நகரங்களில் வளர்ந்த, மொழி தெரியாத பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைக்கும். இந்தக் கடைசிக் காரணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, பதிவு பெற்ற உறுப்பினர்களில் கணிசமானவர்கள் அந்த நிலத்துக்கு வெளியே வாழ்கிறார்கள்.

ஆனால் என்னவெல்லாம் கழிந்து போகும் என்று பார்க்க வேண்டும். ஒரு மெஸ்க்வாக்கிப் பெண் தன் வாழ்க்கையைத் தன் மொழியில் சொன்ன கதையை மிச்சல்சன் 1925-இல் வெளியிட்டார், பெயர் போடக் கூடாது என்பது அவள் விருப்பம். முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார், சில இடங்கள் ஐரோப்பியர் ரசனைக்கு மிகவும் வெள்ளந்தியாகவும் வெளிப்படையாகவும் இருந்ததால் சில வாக்கியங்களை நீக்கிவிட்டாராம். கதையைச் சொன்னவளுக்கு உறுத்தாதது வெளிநாட்டு வாசகருக்கு உறுத்தும் என்று வெட்டியாகிவிட்டது. மேலே சொன்ன 2006 பதிப்பு இந்தப் பிரதிதான், மூலத்துக்கே திரும்பிப் போய்ச் செய்யப்பட்டது. நடுவில் எண்பது வருடம். அவ்வளவு காலமும் உலகத்துக்குத் தெரிந்த அந்தப் பெண் கத்தரித்த பெண்.

இலக்கணத்திலும் ஒரு பள்ளம் உண்டு. மெஸ்க்வாக்கியில் படர்க்கை இரண்டு வகை. கதையின் அந்தக் கட்டத்தில் யார் மையமோ அவருக்கு ஒரு வடிவம், மற்றவர்களுக்கு வேறு வடிவம், பெயரிலும் வினையிலும். இரண்டு ஆண்கள் சண்டை போடுகிறார்கள் என்றால் யார் யாரை அடித்தான் என்பதில் குழப்பமே வராது. கதைசொல்லி மையத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்த்துவது நம் படத்தில் கேமரா திரும்புவதற்குச் சமம், யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதே மாறும். ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே "அவன்". மொழிபெயர்ப்பாளர் பெயரைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சமாளிப்பார், நகர்வு தெரியாமல் போகும். தமிழும் இதில் தப்பாது. ஆனால் தாம் நேரில் பார்க்காததைக் கேள்விப்பட்டதாகச் சொல்லும் சிற்றொட்டு அங்கே உண்டு, நமக்கும் "ஆம்" இருக்கிறது, "போனானாம், பார்த்தானாம்" என்று. அந்த ஒன்றில் ஆங்கிலத்தைவிட நமக்கு வசதி.

மொழிபெயர்ப்பிலும் மூன்று படி இருக்கிறது, விலை வேறு வேறு. சொல்லுக்குச் சொல் பொருள் போடுவது மாணவர்களுக்கும் பிற்கால ஆய்வுக்கும் பொன், படிக்க உயிரை வாங்கும். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் பெயர்ப்பு என்று எதிரெதிர்ப் பக்கமாகப் போடுவது நடுவழி, அச்சுச் செலவு இரட்டிப்பு, ஆனால் மூலம் கண்ணெதிரே இருப்பதால் பெயர்ப்பாளர் ஏமாற்ற முடியாது. மூன்றாவது சுதந்திரமான மறுகூறல், படம் போட்ட சிறுவர் நூல் மாதிரி. நன்றாக விற்கும், கொஞ்ச நாளில் அதுவே "மூலக் கதை" ஆகிவிடும். இதற்கு வெளியே, ரே யங் பேர் போல ஒரு மெஸ்க்வாக்கிக் கவிஞரே ஆங்கிலத்தில் எழுதி அதற்குள் தன் மொழிப் பாடல்களைக் கொண்டுவரும் பாதையும் இருக்கிறது, ஆனால் அதற்குத் திட்டம் போட முடியாது, அப்படி ஓர் ஆள் பிறக்க வேண்டும்.

மூலம் அச்சிலோ ஒலியிலோ பத்திரமாகாத வரை மூன்றாவது படியைத் தொடாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## வழி 4: பேச வைப்பது

மற்ற மூன்றும் பொருளைக் காப்பாற்றுகின்றன, இது ஆளை உருவாக்குகிறது. நியூசிலாந்தில் மவோரிகள் 1982-இல் தொடங்கிய மொழிக்கூடு, அதாவது பாட்டிமார் நடத்தும் முழுக்கத் தாய்மொழியிலான பாலர் பள்ளி, ஒரு முன்மாதிரி. கலிஃபோர்னியாவில் 1990-களில் உருவான குரு-சீடர் முறை இன்னொன்று: ஒரு பெரியவர், ஒரு இளையவர், வாரத்துக்குப் பத்து இருபது மணி நேரம், சமையலோ துணி துவைப்போ எதுவானாலும் ஆங்கிலம் இல்லாமல், இரண்டு மூன்று வருடம். மெஸ்க்வாக்கியின் உறவு மொழியான சாக்கில், ஓக்லஹோமாவில், இந்த முறையைப் பின்பற்றியிருக்கிறார்கள். மெஸ்க்வாக்கிகளுக்குச் சொந்தப் பள்ளியும் இருக்கிறது, பழங்குடி நிர்வாகத்தில் மொழிக்கென்று தனித் துறையும் இருக்கிறது.

செலவு? பெரியவரின் நேரத்தை மிக அதிகமாகத் தின்பது இதுதான், குரு-சீடர் முறையில் ஒரு சீடருக்கே ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். பாலர் பள்ளி என்றால் எழுபது வயதுக்காரரை மூன்று வயதுக் குழந்தைகளோடு ஓட விடுகிறோம். பிறகு, பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் மொழி நிறம், எண், விலங்கு, வணக்கம் என்று சுருங்குகிற ஆபத்து உண்டு. கதையைப் புரிந்துகொள்ள வேண்டிய இலக்கணம், மேலே சொன்ன அந்த இரட்டைப் படர்க்கை, பாட்டுப் பாடிக் கற்கும் வகுப்பில் வராது. நடுத் தலைமுறையின் பிரச்சினையும் இருக்கிறது: பாட்டி பேசுவார், குழந்தை பள்ளியில் நாலு சொல் கற்றுக்கொண்டு வரும், வீட்டில் அம்மா அப்பாவுக்கு மொழி தெரியாது, நாலு சொல்லும் வாசலோடு நின்றுவிடும். அதனால் என் ஓட்டு குழந்தைகளைவிட முதலில் இருபது முப்பது வயதுக்காரர்களுக்கு. அவர்கள்தான் நாளை ஆசிரியர், நாளை பெற்றோர்.

## ஒரே பார்வையில்

| | கையெழுத்துப் பிரதி | ஒலிப்பதிவு | மொழிபெயர்ப்பு | பேச வைப்பது |
|---|---|---|---|---|
| பெரியவரின் நேரம் | நடுத்தரம், ஆனால் தள்ளிப்போட முடியாதது | பதிவுக்குக் குறைவு, எழுதிப் பிரிக்க அதிகம் | மூலம் தெளிவாக இருந்தால் குறைவு | மிக அதிகம் |
| மிஞ்சுவது | நீண்ட, அலங்காரமான உரைநடை | ஒலி, சொல்லும் விதம் | கதைச் சுருக்கம், கருத்து | பேசும் ஆள் |
| புதிதாகப் பேசுவோர் | நேரடியாக இல்லை | நேரடியாக இல்லை | இல்லை | உண்டு |
| அனுமதிச் சிக்கல் | குலம், சடங்கு | சொல்பவர், குடும்பம், பருவம் | மேலே உள்ள எல்லாம், கூடவே பதிப்பகம் | குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | நெடிலும் ஹகரமும் மீட்பது | எழுதிப் பிரிப்பது, கோப்பு நகர்த்துவது | மூலத்தின் இடத்தைப் பெயர்ப்பு பிடிப்பது | பெரியவரின் உடம்பு, நடுத் தலைமுறை |
| 30 வருடம் கழித்து | நிலைக்கும் | பராமரித்தால் நிலைக்கும் | நிலைக்கும் | ஆட்களைப் பொறுத்தது |

## அப்போ எது?

அட்டவணையைப் பார்த்தால் நாலும் தனித்தனி மாதிரி தெரியும், ஆனால் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு யோசித்தால் மூன்றை ஒரே நாற்காலியில் உட்கார வைக்கலாம். குளிர்காலம். ஒரு பெரியவர். அவர் கையில் கியானாவோ வேறொருவரோ எழுதிய பிரதியின் நகல். அவர் அதை உரக்கப் படிக்கிறார், ஒலிப்பதிவு ஓடுகிறது. பக்கத்தில் மொழி கற்கும் ஓர் இளையவர், புரியாத இடத்தில் அந்த மொழியிலேயே கேட்கிறார், பதிலும் அந்த மொழியிலேயே. ஒரு மணி நேரத்தில் பிரதியின் குறில் நெடில் தீர்ந்தது, நல்ல ஒலி கிடைத்தது, சீடருக்கு ஒரு பாடம் முடிந்தது. எழுதிப் பிரிக்கும் வேலையும் பாதியாகிறது, ஏனென்றால் எழுத்து ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. அசையெழுத்து பெரியவருக்குத் தெரியாவிட்டால் இளையவர் அதைக் கற்றுத் தட்டுத் தடுமாறி வாசிக்கட்டும், பெரியவர் திருத்தட்டும், அதுவும் நடக்கும். மெஸ்க்வாக்கி நிலைமையில் என் முதல் தேர்வு இதுதான், மொழிபெயர்ப்பு இதன் பின்னால் வரட்டும்.

எல்லா மொழிக்கும் இது பொருந்தாது. எழுத்துக் குவியலே இல்லாத மொழிகளில் முதலில் பதிவு, ஆனால் ஐம்பது மணி நேரக் கணக்கை மனதில் வைத்துக் குறைவாக, நன்றாகப் பதிவு செய்யுங்கள். பேசுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்து வீட்டில் குழந்தைகளும் பேசிக்கொண்டிருந்தால், மெக்சிகோவின் நாசிமியென்டோவில் கிக்கப்பூக்களிடம் மொழி அப்படித்தான் நீண்ட காலம் நின்றது, பணத்தைப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் போடுங்கள், ஆவணப்படுத்துவது மெதுவாக நடக்கட்டும்.

முன்னால் சொன்ன விதிவிலக்கு இது. பேசுவோர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் காகிதம்தான் எல்லாமே. அதே அல்கான்கியன் குடும்பத்தில் மயாமியா மொழியைப் பிறவியிலேயே பேசியவர்கள் இருபதாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டார்கள், இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் மறுபடி பேசுவது பழைய பாதிரியார் அகராதிகளையும் ஆவணங்களையும் தோண்டி எடுத்ததால். மாசசூசெட்ஸின் வாம்பனோவாக் மக்களுக்கு 1663-இல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பும் நிலப் பத்திரங்களும் கை கொடுத்தன. மதம் மாற்ற அச்சடித்தது மொழியை மீட்க உதவியது, அச்சடித்தவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நீலகிரிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வரி. போவாஸின் மாணவர் ஜோன்ஸ், போவாஸின் இன்னொரு மாணவர் மொழியியலாளர் சபீர், சபீரிடம் களப்பணி கற்றுவந்தவர் மொழியியலாளர் எமனோ. நீலகிரிப் பழங்குடியான கோத்தர்களின் கதைகளை அவர் 1930-களில் கேட்டு எழுதி 1940-களில் மொழிபெயர்ப்போடு வெளியிட்டதும் இதே மரபுதான். அங்கே அசையெழுத்துச் சிக்கல் இல்லை, ஒலியெல்லாம் குறித்திருக்கிறார். ஆனால் சொன்ன வேகத்துக்கு எழுதியது என்பது அங்கேயும் பொருந்தும், கோத்தர் ஒருவரிடம் இன்று அதை வாசித்துக் காட்டிப் பதிவு செய்வதில் இருக்கும் லாபமும்.

## திறந்து போடுவதா, பூட்டி வைப்பதா

எந்த வழியை எடுத்தாலும் இது தனியாக வரும். இணையத்தில் எல்லாருக்கும் திறந்தால் வெளியூர் உறுப்பினருக்குக் கிடைக்கும், கூடவே கதை விற்கும் பதிப்பகத்துக்கும் தரவு திரட்டும் நிறுவனத்துக்கும் கிடைக்கும். பூட்டினால் பாதுகாப்பு, ஆனால் சாவி வைத்திருப்பவர் இறந்துபோனால் கோப்பும் இறந்தது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற மென்பொருளில், இதை யார் பார்க்கலாம் என்பதைக் குடும்பம், குலம் என்று சமூகத்தின் விதிப்படியே அமைக்கலாம். குளிர்காலக் கதைக்குப் பருவக் குறிப்பு ஒட்டி வைப்பதும் சிரமமில்லை.

உரிமை யார் பெயரில் என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இன்னொரு பழங்குடி மொழியான லகோட்டா ஒரு பாடம். பெரியவர்கள் தந்த பதிவுகளிலிருந்து பாடப்புத்தகம் செய்து காப்புரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொண்ட ஓர் அமைப்பை ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம் 2022-இல் தன் நிலத்துக்குள் வரக் கூடாது என்று விலக்கியது. அதனால் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். பதிவின் தொடக்கத்திலேயே, அவர் மொழியிலேயே, நாலு கேள்வி: இதை யார் கேட்கலாம், எந்தப் பருவத்தில், மொழிபெயர்க்கலாமா, உங்களுக்குப் பிறகு யாரிடம் கேட்டு முடிவு செய்வது? பதில் அவர் குரலிலேயே கோப்புக்குள் இருக்கும், தனியாகக் கழன்று தொலையாது. நாலாவது கேள்விக்கு ஒரே பெயர் சொன்னால் இரண்டாவது பெயரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.